வாயிலிருந்து எடுத்த சாவி

அத்தியாயம் 11

1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. குத்தகை உரிமைப் பதிவுக்கான விசாரணை முகாம் குடவாசலில் காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் என்றும், பகல் பன்னிரண்டுக்குள் ஆஜராகாதவர்களின் மனு தள்ளுபடியாகும் என்றும் நோட்டீசில் அச்சாகியிருந்தது. வரிசையில் நான்காவது பெயர் காயாரோகணம்.

அன்று காலை ஆறேகால் மணிக்கு, திருவாரூரில் நாகப்பட்டினம் ரோட்டுப் பட்டறையில், காயாரோகணத்தின் மைத்துனன் அமிர்தலிங்கம் ஒரு காருக்கு முன்னால் குந்தியிருந்தான். ரேடியேட்டர் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கிராங்க் புல்லியும், அதற்குப் பின்னால் இருந்த தகர மூடியும் சாக்கின் மேல் கிடந்தன. எஞ்சினின் வயிறு திறந்திருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து அந்த அம்பாசடர் அங்கேதான் நிற்கிறது. கீழச்சேந்தங்குடிப் பெரிய பண்ணை நாகரத்தினத்தின் கார். காயாரோகணமும் அவர் மனைவி தனபாக்கியமும் பதினாறு வருஷமாகச் சாகுபடி செய்யும், மூன்று ஏக்கருக்குச் சற்று மேல் வரும் பத்து மா நிலமும் அதே நாகரத்தினத்துடையது. ஒவ்வொரு அறுப்புக்கும் குத்தகை நெல்லைப் பண்ணைக் களத்தில் அளந்து கொட்டினார்கள். அதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுச்சீட்டு கூடப் பண்ணையிலிருந்து வந்ததில்லை. சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்ததும், தனபாக்கியம் பிடிவாதமாக நின்று கணவரை மனுப் போட வைத்தாள். அந்த மனுவுக்குத்தான் இன்று விசாரணை.

விசாரணைக்குப் போக நாகரத்தினத்துக்கு இந்தக் கார் வேண்டும். காரை ஓட்ட, அமிர்தலிங்கம் அதில் டென்ஷனர் மாற்றியாக வேண்டும்.

"பார்த்துக்க. ரப்பர்ல ஒரு கீறல் கிடையாது" என்றார் மூஸா. அவர் நாகப்பட்டினத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவர். விடியுமுன் கிளம்பி, சாமானைத் துண்டில் முடிந்துகொண்டு ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

அமிர்தலிங்கம் பழைய டென்ஷனரையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தொய்யாமல் அதை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்வதுதான் இதன் வேலை. பழையதில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. செயின் தொய்ந்து மூடியில் அடித்த சத்தத்தைத்தான் பண்ணை டிரைவர் இராஜாங்கம், "உள்ளே யாரோ சட்டி கழுவுறாங்க" என்று வந்து சொன்னார்.

"செயினும் புதுசு கேட்டேனே, பாய்?"

"மெட்ராஸ்லயே இல்லேங்கிறான். பழசையே போடு. டென்ஷனர் இழுத்துப் பிடிச்சுக்கும்."

புதிய டென்ஷனரை அப்படியே மாட்ட முடியாது. அதன் தலையை உள்ளே அழுத்தி, ஆறு பட்டைச் சாவி ஒன்றை அடித்துளையில் விட்டுத் திருப்பினால் தலை உள்ளேயே பூட்டிக்கொள்ளும். எஞ்சினில் பொருத்திய பிறகு அதே சாவியால் பூட்டைத் திறந்துவிட வேண்டும். அப்போது தலை துள்ளி வந்து செயினை அணைத்துப் பிடிக்கும்.

அமிர்தலிங்கத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்டியதிலிருந்து திறக்கும் வரை அந்தச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பான். திறந்த பிறகுதான் அது வாயை விட்டுக் காலண்டர் ஆணிக்குப் போகும். அதுவரை யார் என்ன கேட்டாலும் முனகல்தான் பதில்.

அவன் தலையை அழுத்திப் பூட்டினான். சாவியைக் கடித்துக்கொண்டான். டென்ஷனரை வைத்து முதல் போல்ட்டை முடுக்கும்போது தனபாக்கியம் உள்ளே வந்தாள்.

முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மனுவின் நகல்.

"எப்ப முடியும் இந்த வண்டி?"

"ம்."

"மணி கேட்டேன், தம்பி."

அவன் எண்ணெய்க் கையால் எட்டு விரல் காட்டினான். அப்புறம் பாதி விரலை மடக்கிக் காட்டினான்.

"எட்டரையா? எட்டரைக்கு முடிஞ்சா பதினொண்ணுக்கு அங்கே போய்ச் சேந்துடுவாரே." அவள் காரைச் சுற்றி நடந்தாள். "சாயங்காலம் முடியட்டுமே. இன்னிக்கு ஒரு நாள்."

"ம்ஹூம்."

"என்ன ம்ஹூம்? அவரு வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்து நின்னா ஒங்க அத்தானுக்கு வாய் எழும்புமா? அவரு வரலேன்னா ஆபீசர் நாங்க சொல்றதை எழுதிக்குவாரு. மனு எழுதிக் குடுத்தவரே சொன்னாரு."

மூஸா எழுந்தார். "நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

"நீங்க இருங்க பாய். நீங்களே சொல்லுங்க. இவன் வேலையைக் கெடுக்கவா சொல்றேன்? மெள்ளச் செய்யத்தானே சொல்றேன்?"

மூஸா உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

அமிர்தலிங்கம் இரண்டாவது போல்ட்டை முடுக்கினான். செயின் சக்கரங்கள் இரண்டிலும் இருந்த புள்ளிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றனவா என்று கவனித்தான். பார்த்தன.

"மாடு மாதிரி அசை போடாதேடா. வாயைத் தொறந்து பேசு. பதினாறு வருஷம் சேத்துல நின்னவ கேக்குறேன்."

அவன் சாவியை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா, இது யாரு வண்டியாயிருந்தாலும் இதே வேலைதான். சொன்ன நேரத்துக்கு விடலேன்னா நாளைக்கு என்னை நம்பி எவன் வண்டி விடுவான்? ஒனக்காகக் குடவாசல் வந்து நிக்கச் சொல்லு, நிக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொல்லாதே."

"அப்ப நீ வரவும் வேணாம்" என்றாள் தனபாக்கியம். "ஒங்க அத்தான் ஊருலேருந்து பஸ்ஸுல வந்துடுவாரு. நாங்க ரெண்டு பேரும் போதும்."

அவள் வெளியே போனாள். வாசலில் ஒரு முறை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அமிர்தலிங்கம் சிறிது நேரம் வாசலைப் பார்த்தான். பிறகு மூடியை எடுத்துத் துடைத்து, கேஸ்கெட் வைத்து, மாட்டினான். போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்கினான். புல்லி. ரேடியேட்டர். ஹோஸ். தண்ணீர்.

எட்டரைக்கு இராஜாங்கம் வந்தார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது. அதன் தலையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, நில உச்சவரம்பு விளக்கப் பொதுக்கூட்டம் பற்றி அறிவிக்கத் தொடங்கியது. அமிர்தலிங்கம் எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தான். சாதாரணமாக இதில் எல்லாம் கேட்கும். அன்று ஒலிபெருக்கியும் சேர்ந்து கேட்டது. எஞ்சின் நிதானமாக ஓடியது. சட்டி கழுவும் சத்தம் இல்லை. இருந்ததாகத் தெரியவில்லை.

"ஜம்முனு இருக்கு" என்றார் இராஜாங்கம்.

"பழைய செயின்தான், அண்ணே. வேகம் எடுக்கையில சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணிடுங்க. ஒரு அடி ஓட்டக் கூடாது."

"சரி, சரி. நான் கெளம்பறேன். ஊருக்குப் போய் மொதலாளியையும் ஒங்க அத்தானையும் ஏத்திக்கிட்டுப் போகணும்."

"எந்த அத்தான்?"

"ஒனக்கு எத்தனை அத்தான்? காயாரோகணம்தான். பண்ணையில கூலிக்குத்தான் ஏர் ஓட்டினேன், குத்தகை கித்தகை ஒண்ணுமில்லேன்னு இன்னிக்கு ஆபீசர்கிட்ட சொல்லப் போறாரே. நேத்தே பேசி முடிஞ்சுபோச்சு." இராஜாங்கம் கதவைச் சாத்தினார். "ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

கார் போய்விட்டது.

அமிர்தலிங்கம் கை கழுவினான். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடியும் மண்ணெண்ணெயில் கழுவினான். அக்காளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தான். அவள் பஸ் போயிருக்கும். அத்தான் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்தான். அது பிடிபடவில்லை.

ஒன்பதரைக்கு மூஸா காலண்டரைப் பார்த்து, "ஆவணி ஒண்ணா இன்னிக்கு?" என்றார்.

அமிர்தலிங்கமும் பார்த்தான். காலண்டர் ஆணி காலியாக இருந்தது.

சட்டைப்பையில் கை விட்டான். சாவி இருந்தது.

"பாய், நான் டென்ஷனரைத் தொறந்துவிட்டேனா?"

"நீ மூடி மாட்டுனதைப் பாத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

மூஸா யோசித்தார். "அக்காகிட்ட பேசினே."

"பேசினேன். அப்புறம் சாவியைத் திரும்ப வாயில வச்சேனா?"

"இல்லே போலருக்கே."

வாய் காலியாக இருந்தது. வாய் காலியாக இருந்தால் வேலை முடிந்தது என்று இத்தனை வருஷமாகக் கைக்குத் தெரியும். கை மூடியை எடுத்து மாட்டிவிட்டது. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ஆனால் மூடியை மாட்டுவதற்கு முன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவிருந்தது. அப்போது என்ன நினைத்தான் என்பது நினைவில்லை.

"மறந்துதான் போனேன், இல்லே பாய்?"

"என்னைக் கேக்குறியே" என்றார் மூஸா. வண்டிச் சாவியை நீட்டினார். "ராஜ்தூத்தை எடுத்துக்கிட்டுப் போ. அடிச்சு ஓட்டாதே, இரண்டாவது கியர் துள்ளும்."

வழியெல்லாம் குறுவை பால் பிடித்து நின்றது. சம்பா நாற்றங்கால்களில் பெண்கள் குனிந்திருந்தார்கள். கார் வேகம் எடுத்தால் செயின் பல் தாண்டும். பல் தாண்டினால் வால்வு வளையும். அதற்குள் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் போகிறோம் என்று அமிர்தலிங்கம் தனக்குள் சொல்லிக்கொண்டான். நிறுத்தினால் அத்தான் குடவாசல் போகமாட்டார், பொய் சொல்லமாட்டார். அதுவும் நல்லதுதான். அக்காள் கேட்டதும் அதுதான். பிறகு ஏன் வண்டியை இப்படி விரட்டுகிறோம் என்று விளங்கவில்லை.

குடவாசலுக்கு ஆறு மைல் முன்னால், ஒரு மதகடியில், கார் ஏற்கெனவே நின்றிருந்தது. சட்டி கழுவும் சத்தம் கேட்ட இடத்திலேயே இராஜாங்கம் அணைத்துவிட்டார்.

நாகரத்தினம் பின்சீட்டில் கதவைத் திறந்துபோட்டு, கால்களை வெளியே தொங்கவிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா மெக்கானிக். ஒன் வேலை பத்து மைல்தான் ஓடுச்சு. என்னவாம்?"

"டென்ஷனர் வேலை செய்யலீங்க."

"புதுசு?"

"புதுசுதாங்க. மூடியைக் கழட்டிப் பாக்கணும். ரோட்டுல முடியாதுங்க."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

காயாரோகணம் தள்ளி நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அமிர்தலிங்கம் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்காவுக்குத் தெரியுமா, அத்தான்?"

"தெரியாது."

"கூலிக்கு உழுதேன்னா சொல்லப் போறீங்க?"

"மூணு மா என் பேருக்கே எழுதித் தர்றாங்களாம். அது சொந்தம். மனுப்படி பத்து மாவுக்கும் பேரு ஏறும், ஆனா தலைமடை அவங்க கையில. பேரு ஏறுன மறுநாள் தண்ணி வருமா?" காயாரோகணம் திரும்பவில்லை. "ஒங்க அக்கா பேரு ஏறணும்கிறா. இவங்க தண்ணியைச் சொல்றாங்க. ரெண்டும் சரியாத்தான் படுது. நான் ராத்திரிச் சோறு தின்னு ரெண்டு நாளாச்சு, அமிர்தம்."

"அக்கா அங்கே ஒங்களுக்காக நிக்கிது."

"நிப்பா."

நாகரத்தினம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணாச்சு. எனக்கொண்ணும் அவசரம் இல்லே. பன்னண்டுக்குள்ள காயாரோகணம் போய் நிக்கலேன்னா மனு தானா அடிபட்டுப் போகும். போய்ச் சொன்னா இன்னும் சுத்தமா முடியும். எப்படியானாலும் சரிதான்."

அமிர்தலிங்கம் அதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். கார் ஓடியிருந்தால் அக்காளுக்கு நஷ்டம். கார் நின்றதால் அக்காளுக்கு நஷ்டம். நிறுத்தச் சொன்னவளே அவள்தான்.

"நான் அத்தானைக் கூட்டிக்கிட்டுப் போறேங்க" என்றான்.

நாகரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கூட்டிப் போ. காயாரோகணம், பேசினது பேசினபடி."

"சரிங்க" என்றார் காயாரோகணம்.

ராஜ்தூத் கிளம்பி ஒரு மைல் தாண்டியது. இரண்டாவது கியர் துள்ளியது.

"என்னை எதுக்குக் கூட்டிப் போறே?"

"தெரியல அத்தான்."

"நான் அங்கே என்ன சொல்லணும்கிறே?"

"அதுவும் தெரியல. கெட்டியாப் புடிச்சுக்குங்க, ரோடு பள்ளம்."

குடவாசல் முகாம் ஒரு பழைய சத்திரத்துக் கூடத்தில் நடந்தது. பதினொன்று நாற்பதுக்கு அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே மேஜைக்குப் பின்னால் பதிவு அலுவலர். பக்கத்தில் கர்ணம், கிராம வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தார். எதிரே தனபாக்கியம் மஞ்சள் பையை மார்போடு அணைத்து நின்றாள்.

"மனு ஒங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கும்மா. இன்னும் இருபது நிமிஷம்தான்" என்று அலுவலர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பஸ் கெடைச்சிருக்காதுங்க. வந்துடுவாரு. அதுக்குள்ள என்னைக் கேளுங்க. நானும்தான் அந்த வயல்ல நிக்கிறேன்."

"ரசீது இல்லே. சாட்சி இல்லே. என்னத்தைக் கேக்குறது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, சக்குபந்தி சொல்லுங்க. நாலு பக்கமும் எல்லை என்ன?"

தனபாக்கியத்துக்கு அது மனப்பாடம். மனு எழுதிக் கொடுத்தவர், 'காகிதத்தில் இருக்கிறதை ஒரு எழுத்து மாறாமல் சொல்லணும்' என்று எச்சரித்திருந்தார். அவர் பழைய பத்திரம் ஒன்றைப் பார்த்து எழுதியவர்.

"கிழக்கே அய்யாவு சாகுபடி. தெற்கே பாசன வாய்க்கால். மேற்கே ஈச்சமேடு. வடக்கே வடிவாய்க்கால்."

"வடக்கே வடிவாய்க்கால் இல்லீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். வாசற்படியில் நின்றிருந்த காயாரோகணம்தான் சொன்னது. சொன்னவருக்கே அது கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது போலிருந்தது.

"யார் நீங்க?"

"காயாரோகணமுங்க."

"வடக்கே வடிவாய்க்கால் இல்லையா? வரைபடத்துல இருக்கே?"

"இருந்ததுங்க. போன ஐப்பசி ஒடப்புல தூந்துபோச்சு. இப்ப வாய்க்கால் இன்னும் வடக்கே தள்ளிப் போவுது. நடுவுல பண்ணை நாத்தங்கால் விழுந்துடுச்சு. வடக்கே நாத்தங்கால்னு எழுதுங்க. தப்பா எழுதினா நாளைக்கு வரப்புச் சண்டை வரும்."

"வாய்க்காலைத் தள்ளி வெட்டுனது யாரு?"

"நான்தாங்க."

"கூலிக்கா?"

அமிர்தலிங்கம் அத்தானின் முதுகைப் பார்த்தான். சலவைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"கேட்டேனே. கூலிக்கு வெட்டுனீங்களா? யாரு கூலி குடுத்தா?"

"யாரு குடுப்பா?" என்றார் காயாரோகணம். "தண்ணி ஏறி என் நாத்து அழுகிக்கிட்டிருக்கு. வெட்டாம எப்படிங்க?"

அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு எழுதத் தொடங்கினார். கர்ணம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"பண்ணைத் தரப்புல யாராவது வந்திருக்காங்களா?"

யாரும் இல்லை.

காயாரோகணம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை எடுத்தெடுத்து வைத்தார். 'பேசினது பேசினபடி' என்பது ஞாபகம் வந்ததா என்று முகத்தைப் பார்த்து அமிர்தலிங்கத்தால் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்ததும் தனபாக்கியம் தம்பியிடம், "வண்டி நின்னுபோச்சாமே? நீ முடியாதுன்னியே?" என்றாள்.

"முடியாதுன்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"எனக்கே தெரியல, அக்கா."

கணவர் பக்கம் திரும்பியவள் அப்போதுதான் சட்டையைப் பார்த்தாள். காலர் மடிப்பை விரலால் தொட்டாள்.

"இது நம்ம வீட்டுச் சட்டை இல்லியே?"

காயாரோகணம் பஸ் வருகிறதா என்று பார்த்தார்.

சர்வே எண் 214/3, பத்து மா, சாகுபடி செய்பவர் காயாரோகணம், வடக்கு எல்லை நாற்றங்கால் என்று பதிவாயிற்று. ஆட்சேபணைக்கு முப்பது நாள் அவகாசம் தரப்பட்டது.

மாலை நாலரை மணிக்கு இரண்டு மாடுகள் இழுத்து அம்பாசடர் திருவாரூர்ப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. மூடியைத் திறக்கும்போது தானும் பக்கத்தில் இருந்து பார்க்க விரும்புவதாகவும், காலை ஒன்பது மணிக்கு வருவதாகவும் நாகரத்தினம் சொல்லி அனுப்பியிருந்தார். அமிர்தலிங்கம் சரி என்றான். மூடியைத் தொடாமல், சாவியை ஆணியில் மாட்டினான்.